அம்மாவோட நீல பம்ப் மூணு கிழமையில முடியுதுன்னா

தம்பி, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவை வாசிச்சேன். அம்மாவுக்கு 52 வயசு, தலவாக்கலை பக்கம் தோட்டத்துல கொழுந்து எடுக்குறாங்க, ரெண்டு வருஷமா வீசிங், நீல பம்ப (இன்ஹேலர) ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை ரெண்டு ரெண்டா அடிக்கிறாங்க, நீங்க கொழும்புல வேலை செய்யிற இடத்துல இருந்து பம்ப் வாங்கி பஸ்ல குடுத்து விடுறீங்க, இப்ப கை நடுங்குது நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொல்றாங்க, பம்புக்கு பழகிட்டாங்களா, நிப்பாட்ட சொல்லவான்னு கேட்டிருக்கீங்க.

நிப்பாட்ட சொல்லாதீங்க, மொதல்ல அத சொல்லிடுறேன். ஆனா இப்பிடியே மாசா மாசம் வாங்கி அனுப்பிக்கிட்டும் இருக்காதீங்க. இந்த கிழமைக்குள்ள அம்மாவ நெஞ்சு கிளினிக்குக்கு கூட்டிட்டு போகணும். ஏன்னு கொஞ்சம் நீளமா சொல்றேன், நான் 20 வருஷத்துக்கு மேல மலைநாட்டு ஆஸ்பத்திரிகள்ல நர்சா இருந்தவ, எங்க அப்பாவும் இதே வருத்தக்காரர், அதுனால இத என்னால சுருக்கமா சொல்ல முடியல.

அந்த நீல பம்புக்குள்ள இருக்கிறது சல்பியூட்டமோல். வென்டோலின், அஸ்தலின்னு பேர் வேற வேறயா இருக்கும், மருந்து ஒண்ணு தான். நம்ம நுரையீரலுக்கு போற சின்ன சின்ன குழாய்கள சுத்தி தசை இருக்கு, ஆஸ்துமாவுல அந்த தசை இறுகி குழாய நெரிக்குது, சல்பியூட்டமோல் அந்த தசைய தளர விடுது, அஞ்சு நிமிஷத்துல மூச்சு லேசாகிடும், நாலு மணித்தியாலம் அளவுக்கு தாங்கும். ஆனா குழாய்க்கு உள்பக்கம் வீங்கி சிவந்து சளி கட்டி இருக்கே, அத இந்த மருந்து தொடவே தொடாது. வீக்கம் அப்பிடியே இருக்கிறதால மருந்து இறங்கினதும் மறுபடி இறுகுது, மறுபடி அடிக்கிறாங்க. அது பழக்கமில்ல தம்பி, கஞ்சா சாராயம் மாதிரி இதுக்கு யாரும் அடிமையாகிறதில்ல. உள்ளுக்குள்ள நோய் அடங்கலங்கிறத தான் அம்மாவோட உடம்பு திருப்பி திருப்பி சொல்லிக்கிட்டு இருக்கு. இன்னொண்ணும் இருக்கு, நாள் பூரா இத மட்டும் அடிச்சிக்கிட்டே இருந்தா மருந்துக்கு உடம்பு காட்டுற மறுமொழி கொஞ்சம் கொஞ்சமா கொறையும், முந்தி நாலு மணித்தியாலம் தாங்கினது இப்ப ரெண்டு மணித்தியாலம் தான் தாங்குதுன்னு சொல்வாங்க, அந்த பேச்ச வீட்டுல கேட்டா லேசா எடுக்கக் கூடாது.

ஒரு சின்ன கணக்கு பாருங்க. ஒரு பம்புல 200 அடி. அம்மா ஒரு நாளைக்கு 8லருந்து 10 அடி எடுக்குறாங்க, அப்ப 20, 25 நாள்ல ஒண்ணு காலி, வருஷத்துக்கு 15லருந்து 18 பம்ப் வரைக்கும் போகுது. ஆஸ்துமாவுக்குன்னு உலக அளவுல வழிகாட்டி எழுதுற ஜீனாங்கிற அமைப்பு இருக்கு, 1993ல தொடங்கினது, அவங்க சொல்றது வருஷத்துக்கு மூணு நீல பம்போ அதுக்கு மேலயோ தேவைப்பட்டாலே கடுமையா முட்டு (மூச்சுத் திணறல்) வர்ற ஆபத்து கூடுது, 12ஓ அதுக்கு மேலயோ போனா உயிருக்கே ஆபத்து கூடுதுன்னு. பயமுறுத்த சொல்லல, நீங்க பாசத்தோட வாங்கி அனுப்புற ஒவ்வொரு பம்பும் எந்த கணக்குல விழுதுன்னு உங்களுக்கு தெரியணும். 2019ல இருந்து அதே அமைப்பு, 12 வயசுக்கு மேற்பட்ட ஆஸ்துமாக்காரங்களுக்கு நீல பம்ப மட்டும் குடுத்து விடக்கூடாது, வீக்கத்த கொறைக்கிற மருந்தும் கட்டாயம் சேரணும்னு சொல்லிட்டாங்க. இது புதுசா முளைச்ச பயமும் இல்ல. 1960கள்ல இங்கிலாந்துல வேற ஒரு பழைய பம்ப், 1970கள் கடைசியில நியூசிலாந்துல இன்னொண்ணு, ரெண்டு காலத்துலயும் ஆஸ்துமா சாவு திடீர்னு கூடிச்சு. மருந்தோட கடுமை ஒரு பக்கம், பம்ப் கையில இருக்குங்கிற தைரியத்துல ஆஸ்பத்திரிக்கு பிந்தி போனது இன்னொரு பக்கம். 1969ல வந்த சல்பியூட்டமோல் அந்த பழைய மருந்துகள விட இதயத்த கொறைவா தாக்குறது, ஆனா பிந்தி போற ஆபத்து இன்னைக்கும் அப்பிடியே தான் இருக்கு.

அந்த வீக்கத்துக்கான மருந்து தான் மத்த பம்ப். பெக்லோமெத்தசோன், புடசோனைடுன்னு பேர், அனேகமா மண் நிறத்துல இருக்கும், நிறத்த மட்டும் நம்பாம பேர வாசிங்க, ஏன்னா கம்பனிக்கு கம்பனி நிறம் மாறுது. அம்மாவுக்கு இது எப்பவாவது குடுத்தாங்களான்னு கேளுங்க. குடுத்திருப்பாங்கன்னு தான் என் மனசு சொல்லுது, ராக்கையில எங்கயாவது பாதி பாவிச்சு கிடக்கும். எங்க அப்பா அப்பிடித்தான். ஃபெக்டரியில தேயிலை சலிக்கிற பக்கம் 30 வருஷம் நின்ன மனுஷன், பஞ்சு மாதிரி பறக்குற அந்த தேயிலை தூசு கண் இமையில படிஞ்சிருக்கும், வீட்டுக்கு வந்து தட்டினா பறக்கும். தேயிலை தூசால ஆஸ்துமா வருதுன்னு நம்ம நாட்டு மார்பு நோய் டொக்டர் ஊரகொட 1970லயே எழுதியிருக்காரு, அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. கிளினிக்ல குடுத்த ரெண்டு பம்புல மண் நிறத்த ரெண்டு நாள் அடிச்சு பாத்திட்டு "இதுல ஒண்ணும் தெரியல"ன்னு தூக்கி வச்சிட்டாரு. அது உடனே தெரியிற மருந்தில்லையே, ஒழுங்கா காலையும் மாலையும் எடுத்தா சில நாள்ல ஆரம்பிச்சு சில கிழமையில தான் பலன் முழுசா தெரியும். நீலத்துல மட்டும் ஒரு வருஷம் ஓட்டினாரு. ஒரு மார்கழி ராத்திரி லயத்துல அடிச்சு அடிச்சு பாத்து, விடியட்டும் விடியட்டும்னு இருந்து, கடைசியில பேச்சே வராம லொறியில தூக்கிட்டு போனோம். பிழைச்சிட்டாரு. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல மண் நிற பம்ப் ஒரு நாள் தவறினதில்ல, நீல பம்ப் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டோட நின்னுச்சு. அந்த ராத்திரியில நானே நர்சா இருந்தும் ஒரு வருஷமா அவர் பம்ப எண்ணி பாக்கலயேன்னு இன்னைக்கும் எனக்கு வலிக்குது.

மண் நிற பம்புல ஸ்டீராய்டு இருக்காம்னு பயப்படுறவங்க நிறைய பேர். அளவு ரொம்ப கொஞ்சம், நேரா நுரையீரலுக்கு போகுது, குளிசையா நாள்கணக்கா விழுங்குற ஸ்டீராய்டோட அத ஒப்பிட வேணாம். அடிச்ச பிறகு வாய கொப்பளிச்சு துப்பணும், இல்லாட்டி நாக்குல வெள்ளை வெள்ளையா பூஞ்சை படியும், தொண்டை கரகரக்கும், பெரும்பாலும் அவ்வளவு தான். இதே மாதிரி தான் "பம்ப் கடைசி மருந்து, மொதல்ல குளிசையில பாப்போம்"ங்கிற பேச்சும். சல்பியூட்டமோல் குளிசை ஒண்ணு 4 மில்லிகிராம், பம்புல ஒரு அடி 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு குளிசையில 40 அடி மருந்து இருக்கு, அது வயித்துக்குள்ள போய் ரத்தத்துல கலந்து உடம்பு பூரா சுத்தி தான் நெஞ்சுக்கு வரணும், நடுக்கமும் படபடப்பும் அதுல தான் கூட. அம்மா பம்போட சேத்து குளிசையும் போடுறாங்களான்னு கட்டாயம் பாருங்க, ரெண்டையும் வேற வேற இடத்துல வாங்கி சேத்து பாவிக்கிறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

கை நடுக்கம், படபடப்பு பத்தி கேட்டீங்க. ரெண்டு அடிக்கு பிறகு கொஞ்ச நேரம் விரல் நடுங்கி நெஞ்சு வேகமா அடிச்சு அடங்கினா அது மருந்தோட குணம், பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா சாதாரண நாள்ல 24 மணித்தியாலத்துக்கு எட்டு அடிக்கு மேல போகக்கூடாதுங்கிறது பொதுவான எல்லை, அம்மா அந்த எல்லையிலயும் அதுக்கு மேலயும் தினமும் நிக்கிறாங்க. அளவு கூடினா ரத்தத்துல பொட்டாசியம் இறங்கும், அது இதய துடிப்ப கொழப்பும், தியோஃபிலினோ (அதுவும் இழுப்புக்கு குடுக்குற மருந்து தான்), சிறுநீர் போக குடுக்குற குளிசையோ சேந்தா இன்னும் இறங்கும். நெஞ்சு வலி, மயக்கம், துடிப்பு தாறுமாறா இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. பிரஷருக்கு என்ன குளிசை எடுக்குறாங்கன்னும் பாருங்க, புரோப்ரனலோல் மாதிரி சில குளிசைகள் குழாய இறுக்கும், நீல பம்போட வேலையையும் தடுக்கும், கண்ணுல விடுற டிமோலோல் சொட்டு மருந்து கூட அப்பிடி செய்யும். ஆனா நீங்களா நிப்பாட்டிடாதீங்க, அதையும் திடீர்னு விடக்கூடாது, டொக்டர்கிட்ட காட்டி மாத்துங்க. கொழுந்து எடுத்து இடுப்பு வலி முதுகு வலின்னு கடையில வாங்கி போடுற டைக்ளோஃபெனாக், புரூஃபன், அஸ்பிரின் இதுகளும் சில ஆஸ்துமாக்காரங்களுக்கு முட்ட கெளப்பி விடும், வலிக்கு பெரும்பாலும் பனடோல் போதும்.

இனி அடிக்கிற முறை. இதுல தான் பாதி மருந்து வீணா போகுது. கிளினிக்குக்கு வர்றவங்கள "அடிச்சு காட்டுங்க"ன்னு கேட்டா பத்துல ஏழு எட்டு பேர் தொண்டையில தான் அடிப்பாங்க, நுரையீரலுக்கு ஒண்ணும் போயிருக்காது, எனக்கு அது தெனமும் பாக்குற காட்சி. நேரா உக்காரணும் இல்ல நிக்கணும். மூடிய கழட்டி உள்ளுக்கு ஏதாவது கிடக்கான்னு பாக்கணும், மடியில சில்லறையோட சில்லறையா மூடியில்லாம பம்ப் வச்சிருந்து ஒரு சின்ன சாமான் உள்ள போய் மூச்சு குழாய்ல சிக்கின கதையெல்லாம் நெசமா நடக்கிறது. நல்லா குலுக்கணும். புது பம்போ அஞ்சு நாளா பாவிக்காததோ ஆனா ரெண்டு அடி காத்துல விட்டு பாக்கணும். அப்புறம் மூச்ச மெதுவா வெளிய விட்டு காலியாக்கிட்டு, பல்லுக்கு நடுவுல வச்சு உதட்ட இறுக்கி மூடி, மூச்ச இழுக்க ஆரம்பிக்கிற அந்த நேரம் ஒரு தடவை அமுக்கி, சுடுதண்ணி உறிஞ்சுற மாதிரி மெதுவா நீளமா இழுத்துக்கிட்டே போகணும். பிறகு மூச்ச பிடிச்சு மனசுக்குள்ள பத்து எண்ணணும். ரெண்டாவது அடிக்கு அரை நிமிஷம் ஒரு நிமிஷம் விட்டு மறுபடி குலுக்கி முதல்ல இருந்து. ஒரே மூச்சுல ரெண்டு அடி டக் டக்குன்னு அடிச்சா ரெண்டும் வீண்.

இத அம்மாவால ஒழுங்கா செய்ய முடியலன்னா வெக்கப்பட ஒண்ணுமில்ல, ஸ்பேசர் வாங்குங்க. பம்புக்கும் வாய்க்கும் நடுவுல வர்ற அந்த பிளாஸ்டிக் குடுவை. அதுல ஒரு அடி அடிச்சு நாலஞ்சு தடவை நிதானமா மூச்சு விட்டு இழுத்தா போதும், மருந்து தொண்டையில ஒட்டாம உள்ள போகும். சின்ன பிள்ளைகளுக்கு மாஸ்கோட வருது. விலை கட்டலன்னா, கையில கிடைக்கலன்னா, 500 மில்லி லீட்டர் தண்ணி போத்தல் ஒண்ண நல்லா கழுவி காய வச்சு, அடிப்பக்கத்துல பம்போட வாய் இறுக்கமா நுழையிற அளவுக்கு ஓட்டை போட்டு, காத்து போகாம டேப் சுத்தி, போத்தல் வாய் பக்கமா மூச்சு இழுக்கலாம். 1999ல தென்னாபிரிக்காவுல முட்டு வந்த பிள்ளைகளுக்கு இப்பிடி போத்தல்ல குடுத்து பாத்தாங்க, கடையில வாங்குற ஸ்பேசருக்கு சமமா வேலை செஞ்சுச்சு. ஸ்பேசர சவக்காரம் போட்ட தண்ணியில மாசம் ஒருக்கா கழுவி அப்பிடியே காய விடணும், துணியால துடைச்சா பிளாஸ்டிக்ல மின்சாரம் ஏறி மருந்த தன்மேல ஒட்ட வச்சிக்கும். நீல பம்போட பிளாஸ்டிக் கூட்டையும் உள்ள இருக்கிற டின்ன கழட்டிட்டு கிழமைக்கு ஒருக்கா கழுவி காய வைங்க, டின்ன கழுவ வேணாம்.

ஒருவேளை உங்க அம்மாவுக்கு கிளினிக்ல குடுக்கிறது கெப்சூல் போட்டு இழுக்கிற கருவின்னா மேல சொன்னது அப்பிடியே தலைகீழ். அத மெதுவா இழுத்தா தூள் கிளம்பாது, வேகமா பலமா இழுக்கணும், அதுக்குள்ள மூச்ச விடவே கூடாது, ஈரம் பட்டா தூள் கட்டியாகிடும். நுவரெலியா, நானுஓயா பக்கம் மூடுபனி வீட்டுக்குள்ளயே வந்து உக்காருது, கெப்சூல முன்கூட்டியே பிரிச்சு வைக்காதீங்க, போடுற நேரம் மட்டும் பிரிங்க. ஒரு ஐயா மூணு மாசம் அந்த கெப்சூல சுடுதண்ணியோட விழுங்கிட்டு "மருந்து சரியில்ல நோனா"ன்னு வந்து நின்னாரு, அவர்கிட்ட யாருமே எப்பிடி பாவிக்கிறதுன்னு சொல்லி குடுக்கல, தப்பு அவர் மேல இல்ல.

குளிர்ல ஸ்பிரே பம்ப் சரியா பீச்சாது, விடிய காலையில கையில கொஞ்ச நேரம் பொத்தி சூடாக்கி அடிக்க சொல்லுங்க. அதுக்காக அடுப்புக்கு மேல வச்சிடாதீங்க, டின் வெடிக்கும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தண்ணியில மிதக்க விட்டு பாக்கிறதும் பிழையான முறை, எண்ணிக்கை காட்டாத பம்புன்னா ஆரம்பிச்ச திகதிய பேனையால அதுலயே எழுதி வச்சு அடிய கலண்டர்ல கோடு போட சொல்லுங்க. அந்த கோடு தான் டொக்டருக்கு நீங்க குடுக்கக்கூடிய பெரிய தகவல்.

அவசரத்துக்கு என்ன செய்யிறதுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும், தங்கச்சிக்கும் பக்கத்து காம்பரா ஆளுகளுக்கும். ஒரு வசனத்த முழுசா பேச முடியல, விலா எலும்புக்கு நடுவுல சதை உள்ள இழுக்குது, உதடு நீலமா போகுது, தூங்கி தூங்கி விழுறாங்க, இல்லாட்டி இவ்வளவு நேரம் விசில் மாதிரி கேட்ட சத்தம் மூச்சு லேசாகாமலே நின்னு போச்சு, இதுல ஒண்ணு இருந்தாலும் விடியிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. படுக்க வைக்காம நிமிந்து உக்கார வச்சு, ஸ்பேசர்ல ஒரு அடி, நாலு மூச்சு, மறுபடி ஒரு அடி, நாலு மூச்சு, இப்பிடி நாலு அடி. நாலு நிமிஷம் பாருங்க. சரியாகலன்னா மறுபடி நாலு, வண்டி வர்ற வரைக்கும் இத தொடரலாம், இந்த நேரத்துல எட்டு அடி கணக்கு பாக்க வேணாம். 1990ங்கிற நம்பருக்கு போன் எடுத்தா சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமா வரும், ஆனா தோட்டத்து ரோட்டுல ஏறி வர நேரமாகும், அதுனால முதல் நாலு அடி அடிக்கிறப்பவே போன் பண்ணுங்க, எந்த டிவிஷன், எந்த கோயில் எந்த ஃபெக்டரி பக்கம்னு தெளிவா சொல்லுங்க, ஏதாவது த்ரீவீல் நின்னா அதுலயே கீழ இறங்க ஆரம்பிக்கலாமான்னும் அவங்ககிட்டயே கேளுங்க.

இன்னொரு விஷயம் விட முடியாது. 50 வயசுல வர்ற இழுப்பு எல்லாமே ஆஸ்துமா இல்ல. வாழ்நாள் பூரா ஈர விறகு ஊதி புகை குடிச்ச நெஞ்சு வேற மாதிரி அடைபட்டிருக்கலாம், இதயம் பலவீனமாகி ராத்திரி படுத்தா முட்டுறதும் உண்டு, ரெண்டு கிழமைக்கு மேல இருமல் இருந்தா காச நோய்க்கு சளி பரிசோதனை கட்டாயம். அரசாங்க நெஞ்சு கிளினிக்ல ஊதி பாக்குற டெஸ்ட், சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் காசில்லாம பாக்கலாம். அங்க ஒரே பம்புல ரெண்டு மருந்தும் சேந்த மாதிரி, வீக்கத்துக்கு புடசோனைடும் குழாய தளர விட ஃபோர்மடரோலும், குடுத்தாலும் குடுப்பாங்க, அத தினமும் எடுத்து முட்டு வர்றப்பவும் அதையே அடிக்கலாம். ஆனா சல்மெட்டரோல் சேந்ததுன்னா முட்டுக்கு அடிக்கக்கூடாது, அது வேலை செய்ய நேரமெடுக்கும். எதுன்னு கேட்டு கிளினிக் கொப்பியில எழுதி வாங்குங்க.

அடுப்பங்கரைக்கு ஒரு புகை கூண்டு, காஞ்ச விறகு, தேயிலைக்கு மருந்தடிக்கிற மலைப்பக்கம் அன்னைக்கு போகாம இருக்கிறது, காலை குளிர்ல மூக்க மூடி ஒரு துணி, இதெல்லாம் நீங்களே லீவுக்கு வர்றப்போ செஞ்சு குடுக்கலாம். மலை ஏறுறதுக்கு பத்து நிமிஷம் முந்தி ரெண்டு அடி அடிச்சிட்டு போறது தப்பில்ல, ஆனா அதையும் அந்த கலண்டர் கோட்டுல சேருங்க.

இன்னைக்கு ராத்திரி தங்கச்சிக்கு போன் போடுங்க தம்பி. அம்மா பம்ப் அடிக்கிறத பக்கவாட்டுல இருந்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, எதுவும் சொல்லி குடுக்காம அவங்க வழக்கமா அடிக்கிற மாதிரியே. வாய் ஓரமா, மூக்கு வழியா வெள்ளையா புகை வெளிய வருதான்னு பாருங்க. வந்துச்சுன்னா அந்த 10 அடியில எத்தனை அடி நெஞ்சுக்குள்ள போயிருக்கும்னு உங்களுக்கே விளங்கும். அந்த வீடியோவையும், வீட்டுல இருக்கிற எல்லா பம்பு, குளிசை, கண் மருந்தையும் ஒரு பையில போட்டு கிளினிக்குக்கு கொண்டு போங்க.